‘தொழிற்சாலை’ என்னும் சொல்லுக்கு வெளியே நிற்கும் கண்கள்

திருவனந்தபுரம் கரமனையிலிருந்து களியிக்காவிளை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையோரம் இரும்புக் கதவும் சன்னல் கிராதியும் செய்யும் சிறு வெல்டிங் பட்டறைகளைக் காணலாம். ஒருவர் பற்றவைப்பார், உதவியாளர் கம்பியைப் பிடித்திருப்பார். கவசம் பெரும்பாலும் ஒன்றே இருக்கும். உதவியாளர் கண்ணை மூடித் தலையைத் திருப்பிக்கொள்வார். இவ்விருவரின் கண்களும் சட்டத்தின் கணக்கில் உள்ளனவா என்பதே இப்பதிவின் வினா.

இந்த ஆபத்து புதிதாக அறியப்பட்டதன்று. மின்வில்லைக் கொண்டு ஆய்வு செய்த இருவருக்கு ஏற்பட்ட தோல் சிவப்பையும் கண் நோவையும் பிரெஞ்சு மருத்துவர் ஷார்க்கோ 1858-இலேயே பதிவுசெய்தார். பெனார்தோஸ் மின்வில் பற்றவைப்புக்குக் காப்புரிமை பெறத் தொடங்கியதோ 1885-இல்தான். அதாவது, தொழில் பிறக்கும் முன்பே அதன் நோய் ஏட்டில் ஏறிவிட்டது. புற ஊதாக் கதிரே காரணம் என்பதை 1889-இல் விட்மார்க் சோதனைவழி காட்டினார். கண்ணாடித் தொழிலாளர்க்கு வரும் கண்புரையைத் தடுக்க முந்நூறுக்கும் மேற்பட்ட கண்ணாடிகளை உருவாக்கி ஆராய்ந்த வில்லியம் குரூக்ஸ், சீரியம் கலந்த கண்ணாடி குறித்த தம் முடிவுகளை 1914-இல் வெளியிட்டார்.

புற ஊதாக் கதிரைக் கருவிழியின் மேற்படலம் உறிஞ்சிக்கொள்கிறது. வலி உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நள்ளிரவில், கண்ணில் மணல் விழுந்தாற்போல் எரிச்சல் எழும். ஓரிரு நாளில் ஆறிவிடுவதால் ‘தொழில் என்றால் இப்படித்தான்’ என்று அது ஒதுக்கப்படுகிறது. ஆனால் அகச்சிவப்புக் கதிர் விழிவில்லையையும், கண்கூசும் ஒளி விழித்திரையையும் தாக்கும். விழித்திரையில் நேரும் சிதைவு மீளாமலும் போகலாம்.

இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம், 1948, பிரிவு 35, மிகையொளியால் கண்ணுக்கு ஊறு நேரக்கூடிய பணிகளில் தடுப்புத் திரையோ தகுந்த கண்ணாடியோ தரப்பட வேண்டும் என விதிக்க மாநில அரசுக்கு அதிகாரம் அளித்தது. பணிசெய்பவர்க்கு மட்டுமன்றி, மிக அருகில் இருப்பவர்க்கும் அது பொருந்தும். கம்பியைப் பிடித்திருக்கும் அந்த உதவியாளரைச் சட்டம் எண்ணிப் பார்த்திருக்கிறது. ஆயின் அவர் நிற்கும் இடம் ‘தொழிற்சாலை’யாக இருக்க வேண்டும்.

அச்சொல்லின் வரலாறு ஓர் எண்ணின் வரலாறு. விசையாற்றல் பயன்படும் இடத்தில் 1881-இல் 100 பேர் இருந்தால்தான் தொழிற்சாலை. 1891-இல் அது 50 ஆனது, 1922-இல் 20, 1948-இல் 10. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் இறங்கிவந்த அவ்வெண்ணை 2020-ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு மீண்டும் 20 ஆக்கியது. ஒரு நூற்றாண்டு பின்னோக்கிச் சென்றது போல. பத்துப் பேருக்குக் குறைவான இடத்தையும் அரசு அறிவிக்கைவழிச் சேர்க்கலாம் என 1948 சட்டத்தின் பிரிவு 85 இடமளித்திருந்தது. அத்தகைய அறிவிக்கை இல்லையெனில், மூவர் வேலைசெய்யும் பட்டறை இவற்றுள் எந்த எண்ணுக்குள்ளும் அடங்கியதில்லை.

மொழியியல் பயில்வோர் சொற்பொருள் எல்லையை ஏட்டளவிலான சிக்கலாகக் கருதுவதுண்டு. இங்கே அவ்வெல்லை ஒருவருக்குக் கவசம் கிடைப்பதையும் கிடைக்காததையும் தீர்மானிக்கிறது. கருவிழி புற ஊதாக் கதிரை உறிஞ்சும்போது பட்டறையில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.