கல்லூரிச் சேர்க்கை: தகுதியும் தெரிவும்

நூல் கற்பிக்கத் தக்கார் இவர், தகார் இவர் என்று வரையறை செய்தல் தமிழுக்குப் புதிதன்று. பவணந்தி முனிவர் தம் நன்னூற் பொதுப்பாயிரத்துள் மாணாக்கர்க்கெனவே தனியிடம் வகுத்தார். ஆசிரியனுடைய மகன், அவனுக்குக் கற்பித்த ஆசானுடைய மகன், அரசன் மகன், பொருளை மிகுதியாகக் கொடுப்பவன், வழிபாடு செய்பவன், சொன்னதை உடனே பற்றிக்கொள்ளும் அறிவுடையவன் ஆகிய இவ்வறுவர்க்கும் நூல் உரைக்கலாம் என்பது அவர் துணிபு. கள்ளுண்போன், சோம்பன், செருக்குடையோன், சினமுடையோன், உறங்குமூஞ்சி முதலாயினாரை விலக்கினார். கூரிய அறிவுடையானையும் பொருள் மிகக் கொடுப்பானையும் ஒரே வரிசையில் அமர்த்திய அப்பெரியாரின் உலகியலறிவு வியக்கற்பாலது. 'மேனேஜ்மெண்ட் கோட்டா' என்பதனை இக்காலத்துப் புதுமை என்று எண்ணுவார் நன்னூலைப் பாராதார் என்க.

ஆயினும் நன்னூலார் ஒன்றனைக் கூறாது விடுத்தார். தகுதியுடையார் நூற்றுவர் வந்து நிற்ப, திண்ணையிற் பதின்மர்க்கே இடம் உளதாயின், எப்பதின்மரை அழைப்பது? ஆசான் ஒருவனை நாடி மாணாக்கர் சிலரே சென்ற காலத்தில் இவ்வினா எழ இடமில்லை. தகுதி வேறு, தெரிவு வேறு. தகுதியாவது வாயிலண்டை வந்து நிற்கும் உரிமை; தெரிவாவது நிற்பாருள் ஒருவனைக் கைபற்றி உள்ளே அழைத்தல். நம் நாட்டுக் கல்லூரிகளின் நூற்றறுபது ஆண்டு வரலாற்றை இவ்விரண்டனையும் பிரித்து வைத்து நோக்கினாலன்றி, நம் பிள்ளைகள் இன்று படும் பாட்டின் காரணம் விளங்காது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் சட்டத்தால் நிறுவப்பெற்றது. அக்காலத்தில் அது கற்பிக்குங் கழகமன்று. பரீட்சை நடத்திப் பட்டம் வழங்குங் கழகமே. மெட்ரிகுலேஷன் என்னும் பிரவேசப் பரீட்சையே அதன் வாயில். அதிற் தேறியவன் கல்லூரிக்கு உரியன், தேறாதவன் உரியனல்லன். தேறினார் தொகை சிறிதாதலின், தேறினவனுக்கு இடம் இல்லை என்னும் பேச்சு பொதுவாக எழவில்லை. முதற் பட்டதாரிகளாகிய சி. வை. தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும் யாழ்ப்பாணத்தினின்று வந்தவர்கள் என்பதும், அவருள் முன்னவர் பிற்காலத்துத் தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றினார் என்பதும் தமிழன்பர் அறிந்தனவே.

வாயில் அகலமாயினும் அதன் படிக்கட்டு ஆங்கிலமாக இருந்தது. ஆங்கிலம் கட்டாயப் பாடம். பிற பாடங்களுக்கும் அதுவே மொழி. ஊர்ப் பள்ளியில் எண்ணும் எழுத்தும் நிகண்டும் அந்தாதியும் கற்ற பிள்ளை எத்துணைக் கூரியனாயினும் அப்படியேறல் அரிது. ஈண்டு ஒரு விந்தையைக் குறிப்பிடாமற் போதல் இயலாது. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார்; பின்னர் 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்குச் சென்றார். ஆங்கிலம் அறியாதவர் அவர். கல்லூரிக்குள் ஆசிரியராக நுழைய அவருக்கு இயன்றது. மாணாக்கராக நுழைய விழைந்திருப்பின் காவலன் தடுத்திருப்பான்! விதிகளில் ஆசிரியன் தகுதியும் மாணாக்கன் தகுதியும் வெவ்வேறு ஏடுகளில் எழுதப்பட்டிருந்தமையால் தமிழ் பிழைத்தது.

கணித மேதை இராமாநுசன் கதை இதற்கு மறுதலை. 1904-இல் உதவிச் சம்பளத்தோடு கும்பகோணம் கல்லூரியிற் சேர்ந்தவர், கணக்கொன்றிலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டமையால் அச்சம்பளத்தை இழந்தார். பின்பு பச்சையப்பன் கல்லூரியில் முயன்றும் எஃப்.ஏ. பரீட்சை கைகூடவில்லை. எல்லாப் பாடங்களிலும் தேறவேண்டும் என்பது விதி. அவ்விதியால் அவருக்குப் பட்டப் படிப்பு அடைபட்டது. அதே பல்கலைக்கழகம் 1913-இல் பட்டமில்லாத அவருக்குத் திங்கள் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவியளித்ததும், கேம்பிரிட்ஜ் 1916-இல் பட்டம் அளித்ததும் உலகறிந்தன. அந்த எஃப்.ஏ. விதி தவறென்று யான் சொல்லேன். பல்லாயிரவர்க்கு அது வேண்டுவதே. விதியை எழுதியவரும் மனிதர், அதனை ஒருகால் தளர்த்தியவரும் மனிதர் என்பதையே நோக்குக.

எழுதப்படாத தகுதியும் ஒன்று இருந்தது, அஃது ஆணாயிருத்தல். சென்னை மருத்துவக் கல்லூரி 1875-இல் மேரி ஷார்லீப் உள்ளிட்ட பெண்கள் நால்வரை ஏற்றுக்கொண்டது. புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் முத்துலட்சுமி அம்மையார் சேர விழைந்தபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவளித்த பின்னரே வழி திறந்தது. அவ்வம்மையார் 1907-இல் மருத்துவக் கல்லூரி புகுந்து 1912-இல் பட்டம் பெற்றார்.

இனி இடங்கள் சுருங்கிய காலத்திற்கு வருவோம். இடங்கள் குறைந்தன என்பதினும் நாடுவார் பெருகினர் என்பதே பொருந்தும். மெட்ரிகுலேஷனுக்கு ஈடாக எஸ்.எஸ்.எல்.சி. வந்தது, உயர்பள்ளிகள் தாலூகா ஊர்கள் வரை பரவின. தேறினார் எல்லார்க்கும் இடமில்லை என்னும் நிலை, மருத்துவம், பொறியியல் ஆகிய தொழிற் கல்லூரிகளில் மிகக் கூர்மையாக உணரப்பட்டது. அப்பொழுதே தெரிவு என்பது விதியாகாமல் ஆள் ஆயிற்று. முதல்வர் எவரோ, அவர் கண்ணுக்கு யார் தென்படுவரோ, அவர் உள்ளே சென்றனர். நீதிக்கட்சி அமைச்சரவை நடந்த 1920-களில் அரசினர் கல்லூரிகளில் தெரிவுக் குழுக்கள் ஏற்பட்டதன் காரணம் இதுவே. உத்தியோகங்களில் வகுப்புவாரி முறை 1921-இல் தொடங்கிற்று; கல்லூரியும் அவ்வழியே சென்றது. அந்நாட்களில் இம்மாகாணத்து வகுப்புச் சங்கங்கள் பலவும் கூடுந்தோறும் இடங்கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றி அரசினர்க்கு அனுப்பியதும், மாணாக்கர் விடுதிகள் கட்டியதும் இப்பின்னணியில் வைத்து எண்ணத்தக்கவை.

நாடு விடுதலையுற்ற காலத்தில் நடைமுறையில் இருந்த கணக்கு இது. பதினான்கு இடம் ஒரு சுற்று. அதனுள் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்க்கு 2, அரிசனர்க்கு 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறித்தவருமாகிய இரு சாரார்க்கும் கூடி 1, முகம்மதியர்க்கு 1. அரசினர் மருத்துவக் கல்லூரிகள் நான்கிலும் இருந்த இடங்கள் 330. அவற்றுள் 17 வெளி மாநிலத்தார்க்கு. 12 அரசினர் தம் விருப்பப்படி வழங்குதற்கு. எஞ்சியவற்றை மாவட்டத் தொகுதிகள் நான்காகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் மேற்கூறிய பதினான்கின் கணக்கு. பெண்களுக்கு நூற்றுக்கு இருபதிற் குறையாமல் இடம். பொறியியற் கல்லூரிகளில் 395 இடம், அங்கும் இவ்வகையே. ஆக ஒரு மாணாக்கன் உள்ளே செல்வதா அன்றா என்பதை அவன் பெற்ற எண் மாத்திரம் தீர்மானிக்கவில்லை. அவன் எந்த ஊரான், எந்தக் குடியான், அவ்வறைக்குள் அவனோடு போட்டியிடுவார் எத்துணையர் என்பனவும் தீர்மானித்தன.

1950-இல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த சில திங்களில் வழக்குகள் இரண்டு உயர்நீதி மன்றம் ஏறின. ஒன்று மருத்துவம் நாடிய சண்பகம் துரைராசன் அம்மையாருடையது. மற்றொன்று பொறியியலுக்கு விண்ணப்பித்த சீனிவாசன் என்பாருடையது. பின்னவர் இண்டர்மீடியட் பரீட்சையில் கணக்கு, பௌதிகம், இரசாயனம் மூன்றிலும் சேர்த்து 450-க்கு 369 பெற்றவர். மதிப்பெண் ஒன்றையே கொண்டு தெரிந்தெடுத்திருப்பின் இவர்க்கு இடம் கிடைத்திருக்கும் என்பதை அரசினர் தரப்பே ஒப்புக்கொண்டது. உயர்நீதி மன்றம் 1950 சூலையில் வகுப்புவாரி ஆணை செல்லாதென்றது. தலைமை நீதிமன்றம் 1951 ஏப்பிரலில் அதனை உறுதி செய்தது. தமிழ்நாட்டிற் பெருங்கிளர்ச்சி எழுந்தது. அவ்வாண்டு சூன் மாதமே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பெற்றுச் சமூகத்திலும் கல்வியிலும் பிற்பட்ட வகுப்பினர்க்குச் சிறப்பேற்பாடு செய்ய அரசுக்கு அதிகாரம் வந்தது.

இவ்வழக்கைப் பற்றி இரு சாராரும் எழுதிக் குவித்துள்ளனர். 369 பெற்றவன் வெளியே நிற்றல் அவனளவிற் கொடிதே. ஆனால் அந்த 450-ஐ எட்டும் ஏணி எல்லா வீட்டு முற்றத்திலும் சார்த்தப்பட்டிருந்ததா? தந்தையும் பாட்டனும் கையெழுத்தறியாத வீட்டுப் பிள்ளை பெற்ற 300-ஐயும், வக்கீல் வீட்டுப் பிள்ளை பெற்ற 369-ஐயும் ஒரு தராசில் இட்டு, முள் சாய்ந்த பக்கமே திறமை என்பது கணக்கறிந்தார் கூற்றேயன்றிக் கல்வியறிந்தார் கூற்றாகாது. எனினும் யாவரையும் பதினான்கு கூறிட்ட பழைய ஆணையினும், பிற்பட்டோர் யார் என்று ஆராய்ந்து அவர்க்கு ஒதுக்கிப் பிறவற்றைப் பொதுவில் விட்ட பின்னைய முறையே செம்மையானது என்பது என் கருத்து. அம்முறை 1951-இற்குப் பின் நூற்றுக்கு 25 எனப் பிற்பட்டோர்க்குத் தொடங்கி, 1971-இல் 31 ஆகி, 1980-இல் 50 ஆயிற்று. 1989-இல் அவ்வைம்பதினுள் மிகவும் பிற்பட்டோர்க்கு 20 பிரிக்கப்பட்டது. ஆதிதிராவிடர்க்குரிய 18-உம் பழங்குடியினர்க்குரிய 1-உம் கூட 69 என்னும் அளவு நின்றது.

ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசுவோர் பலர். தெரிவில் நுழைந்த கையைப் பற்றிப் பேசுவோர் சிலர். மருத்துவ இடங்களை மாவட்டங்களுக்கு மக்கட்டொகை வீதத்தாற் பகிர்ந்த விதியைத் தலைமை நீதிமன்றம் 1968-இல் இராசேந்திரன் வழக்கில் விலக்கிற்று. மிகுந்த தகுதியான் ஒரு மாவட்டத்தில் விடுபட, குறைந்த தகுதியான் மற்றொன்றில் நுழைவான் என்பது காரணம். வாதம் நேரியது. ஆயினும் பகிராவிடிற் பெரும்பாலான இடங்களைச் சென்னை நகரத்தாரே கொள்வர் என்று அரசு தரப்பிற் கூறிய குறைக்கு அதில் மருந்தில்லை.

1970-இல் வந்த பெரியகருப்பன் வழக்கு நம்மனோர் கூர்ந்து கற்கத் தக்கது. அக்காலத்தில் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கு நேர்முகம் உண்டு. அதற்கு 75 மதிப்பெண். விளையாட்டு, உடல் வன்மை, பொதுத் திறன், தொழிற்கேற்ற இயல்பு எனத் தலைப்புகள் வகுத்திருந்தனர். ஆனால் தலைப்புவாரியாக எண் இடாமல் மொத்தமாக ஓரெண்ணை இட்டுச் சென்றனர் குழுவினர். கல்லூரித் தொகுதிக்கு ஒரு குழுவாகப் பல குழுக்கள். ஒரு குழுவின் கை தாராளம், மற்றொன்றன் கை இறுக்கம். பரீட்சையில் உயர்ந்த எண் பெற்றவன் இங்குத் தாழ்ந்தும், தாழ்ந்தவன் உயர்ந்தும் நின்றதை நீதிமன்றம் ஐயத்தோடு நோக்கி அத்தெரிவைக் குறைகூறிற்று. சிபாரிசுக் கடிதத்தை வேட்டி மடியிற் செருகிக்கொண்டு பெரியமனிதர் வாயில்தோறும் அலைந்த தந்தையரை நம் முதியோர் மறந்திரார். எழுதிய விதி ஒன்றாயிருக்க, இட்ட எண் வேறாயிருந்தமையால் நேர்ந்த அலைச்சல் அது.

நேர்முகத்தின் மேலிருந்த இவ்வையம் நீங்காதிருக்க, 1984-இல் நுழைவுப் பரீட்சை புகுந்தது. பள்ளி மதிப்பெண் 200, நுழைவுப் பரீட்சை 100, ஆக 300. கையின் கறை நீங்கிற்று. காசின் கறை ஏறிற்று. நகரத்துப் பயிற்சி நிலையங்கட்குப் பணங்கட்ட இயன்றோர் முன்னின்றனர். 2007-இல் சட்டத்தால் அப்பரீட்சை ஒழிந்தது. பின்பு பொறியியலுக்குக் கணக்கு 100, பௌதிகம் 50, இரசாயனம் 50 எனப் பள்ளி மதிப்பெண்ணே 'கட்-ஆஃப்' ஆயிற்று. எளியேன் கற்பிக்கும் தமிழ் அவ்விருநூற்றில் ஏறுவதில்லை. அதனை ஆவணித் திங்களிலேயே கண்டுகொண்ட மாணாக்கர் செய்யுட் பகுதியை எத்துணை அன்போடு பார்க்கின்றனர் என்பதனை விரிப்பிற் பெருகும்.

கட்-ஆஃபும் பிறந்த தேதியும் பிறவும் ஒத்த இருவர் நேரின் என் செய்வது? அதற்காகவே ஒவ்வொரு விண்ணப்பத்திற்கும் கணிப்பொறி ஓர் எண்ணை இட்டு வைக்கின்றது. 'ரேண்டம் எண்' என்பர். உத்தரமேரூர்க் கல்வெட்டில் முதற் பராந்தகன் காலத்துச் சபையார் நிலம், வீடு, கல்வி, முப்பத்தைந்து முதல் எழுபது வரை வயது என்று தகுதிகளை வரையறுத்து, தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். தகுதிக்கு விதியும் தெரிவுக்குக் குடமும் வைத்த அவர்கள் தகுதியையும் தெரிவையும் தெளிவாகப் பிரித்தறிந்திருந்தனர்.

மருத்துவத்திற்கு 2017 முதல் நீட் பரீட்சையே தரவரிசையை வகுக்கின்றது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண், ஒருகாலத்தில் தெரிவாயிருந்தது, இப்பொழுது தகுதியளவிற் சுருங்கிற்று. அரசுப் பள்ளி மாணாக்கர் மருத்துவக் கல்லூரியில் அருகியமை கண்டு, 2020-இல் தமிழ்நாட்டரசு அவர்க்கு நூற்றுக்கு 7.5 இடம் சட்டத்தால் ஒதுக்கிற்று. 2021-இல் இவ்வேற்பாடு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் விரிந்தது. இதற்குரிய தகுதி மதிப்பெண்ணன்று. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு முடிய அரசுப் பள்ளியிற் பயின்றமையே. நடுவில் ஈராண்டு தனியார் பள்ளிக்கு மாற்றிப் பின் அரசுப் பள்ளிக்கு மீட்டுக் கொணர்ந்த பிள்ளைக்கு, அவ்வீராண்டும் கல்வியுரிமைச் சட்டத்தின்கீழ்ப் பயின்றதாயிருந்தாலன்றி, இவ்வுரிமை இல்லை. சங்கத்து உறுப்பினருட் பலர் பத்தாம் வகுப்பிற்குப் பின்னர் இதனை வினவி வருகின்றனர். இவ்வாயிலின் காவலன் நிற்குமிடம் பன்னிரண்டாம் வகுப்பு முடிவன்று. பதினோராட்டைப் பருவத்துப் பிள்ளையை ஆறாம் வகுப்பில் எப்பள்ளியிற் சேர்ப்பது என்று வீட்டுத் திண்ணையிற் பேசிக்கொள்ளும் சித்திரை, வைகாசித் திங்களேயாம்.