யாருக்காகத் துணிவது? – நாஜி காலத் திருச்சபையும் ஓர் ஆசிரியையும்



1933 செப்டம்பரில் பெர்லினில் பழைய பிரஷியத் திருச்சபையின் பொதுப் பேரவை கூடியது. பேராளர்களில் பலர் நாஜிக் கட்சியின் பழுப்புச் சீருடையிலேயே வந்து உட்கார்ந்தார்கள். 'பழுப்புப் பேரவை' என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. யூதர்களை அரசுப் பணியிலிருந்து வெளியேற்ற அந்த ஆண்டு ஏப்ரல் 7 அன்று ஒரு சட்டம் வந்திருந்தது. அதன் 'ஆரியப் பிரிவை' இந்தப் பேரவை திருச்சபைக்குள்ளும் கொண்டுவந்தது. யூத வம்சத்தில் பிறந்தவர் இனிப் போதகராக இருக்க முடியாது. அப்படிப் பிறந்தவரை மணந்தவரும் முடியாது. ஞானஸ்நானம் பெற்றிருக்கலாம், குருப்பட்டம் பெற்றிருக்கலாம், பல ஆண்டுகள் பீடத்தில் நின்று அப்பம் பிட்டுக் கொடுத்திருக்கலாம். பிறப்புதான் கணக்கு.

இதை நியாயப்படுத்த இறையியலாளர்களுக்குப் பஞ்சமில்லை. எர்லாங்கன் பல்கலைக்கழகத்தின் அல்தௌஸ், எலர்ட் என்ற இரு பேராசிரியர்கள் அதே மாதம் கருத்துரை எழுதிக் கொடுத்தார்கள். கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்றுதான், ஆனால் திருச்சபையின் வெளி ஒழுங்கில் இன வேறுபாட்டுக்கு இடம் உண்டு என்பது அதன் சாரம். இரட்சிப்பு ஆவிக்குரியது, பதவியும் இருக்கையும் உலகத்துக்குரியவை என்று பிரித்துவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும்.

இந்த வாதம் நம் ஊருக்குப் புதிதல்ல. ஜெர்மனியின் லைப்சிக் லூத்தரன் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரௌல் 1849 முதல் 1853 வரை இந்தியப் பயணத்தில் இருந்தவர், தமிழ் கற்றவர், திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்தவர். சாதியைப் பற்றி அவர் சொன்னதும் ஏறக்குறைய இதுவே. சாதி ஒரு சமூக ஒழுங்கு. அதைத் திருச்சபை கட்டாயப்படுத்தி ஒழிக்கக்கூடாது. நற்செய்தி உள்ளே வேலை செய்யச் செய்ய அது மெல்லக் கரையும். கரையும்வரை கோயிலில் தனித்தனியாக உட்கார வேண்டியவர்கள் யார் என்பதை இந்த அரங்கில் நான் விளக்க வேண்டியதில்லை. அதே மிஷனில் இருந்த கார்ல் ஒக்ஸ் இதை ஏற்கவில்லை. சபைக்குள் சாதிக்கு இடம் கொடுக்கும் மிஷனில் இருக்க மாட்டேன் என்று விலகினார். பிறகு டேனிஷ் மிஷனோடு சேர்ந்து தென்னார்க்காட்டு மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியாவை அமைத்தார். மிஷன் வரலாறுகளில் கிரௌல் 'அறிஞர்' ஆகிவிட்டார், ஒக்ஸ் 'பிடிவாதக்காரர்' ஆகிவிட்டார்.

திரும்பவும் ஜெர்மனி. ஆரியப் பிரிவை எதிர்த்தவர்கள் இல்லாமல் இல்லை. அவர்களில் முன்னால் நின்றவர் மார்ட்டின் நீமோலர். முதல் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பலுக்குத் தலைமை தாங்கியவர். பயம் என்பதை அறியாத மனிதர் என்று சொன்னால் மிகையல்ல. போதகர்களைத் திரட்டிச் சங்கம் அமைத்தார், பின்னாளில் 1945 வரை சிறையிலும் வதை முகாமிலும் கிடந்தார். ஆனால் அதே நீமோலர் 1933 நவம்பரில் எழுதியதைப் படித்துப் பாருங்கள். யூத வம்சத்துப் போதகர்கள் மற்றவர்களுக்கு இடறலாகாதபடி உயர் பதவிகளிலிருந்து ஒதுங்கி அடக்கமாக இருப்பது நல்லது என்கிறார். ஹிட்லருக்கு எதிரே நிற்க அவருக்குத் துணிவு இருந்தது. யூதர் தன் பொறுப்பில் இருக்கிறார் என்ற எண்ணம்தான் அன்று இல்லை.

1934 மே மாதம் பார்மன் நகரில் எதிர்ப்பாளர்கள் கூடி வெளியிட்ட அறிக்கையும் அப்படித்தான். ஆறு கூற்றுகள், ஆறும் உறுதியானவை. திருச்சபைக்குக் கிறிஸ்துவைத் தவிர வேறு தலைவர் இல்லை என்றன. அன்றைய ஜெர்மனியில் அப்படிச் சொல்லவே நெஞ்சு வேண்டும். யூதர்களைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அதை எழுதுவதில் முதன்மையாக இருந்த கார்ல் பார்த், இந்த மௌனம் தன் குற்றம் என்று 1967-ல் ஒப்புக்கொண்டார். முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து.

டீட்ரிஹ் போன்ஹோஃபரை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். தூக்குமேடையிலிருந்து பின்னோக்கிப் பார்த்து அவரைப் பிறவி வீரராக்குவது வழக்கமாகிவிட்டது. 1933 ஏப்ரலில் இருந்த மனிதர் வேறு. அந்த மாதம்தான் அவர் போதகர்கள் முன் புகழ்பெற்ற உரையை ஆற்றினார். சக்கரத்தில் நசுங்கியவருக்குக் கட்டுப் போடுவதோடு நில்லாமல் சக்கரத்தையே தடுக்க வேண்டிய வேளை திருச்சபைக்கு வரலாம் என்ற கருத்து அதில்தான் வருகிறது. யூதரைச் சாபத்துக்குட்பட்ட இனமாகப் பார்க்கும் பழைய கிறிஸ்தவ விஷமும் அதே கட்டுரையில் இருக்கிறது. அதே மாதம் அவருடைய இரட்டைச் சகோதரி சபீனாவின் மாமனார் காலமானார். அவர் யூதர், ஞானஸ்நானம் பெறாதவர். அடக்க ஆராதனை நடத்தும்படி குடும்பம் கேட்டது. மேலதிகாரியிடம் யோசனை கேட்டு போன்ஹோஃபர் மறுத்துவிட்டார். சில மாதங்களில் மனம் வெந்து, எப்படி இவ்வளவு பயந்தேன் என்று சபீனாவின் கணவருக்கு எழுதி மன்னிப்புக் கேட்டார்.

உரையில் இருந்த துணிவு சொந்தச் சம்பந்தியின் கல்லறை வரை போகவில்லை. அதன் பிறகுதான் அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். 1939-ல் நியூயார்க்கில் பாதுகாப்பான வேலை காத்திருந்தும் ஒரு மாதத்துக்கும் குறைவாகவே அங்கே தங்கி நாடு திரும்பினார். தன் மக்களின் சோதனையில் பங்குபெறாதவனுக்கு நாளை அவர்களோடு கட்டியெழுப்ப உரிமை இல்லை என்பது அவர் சொன்ன காரணம். பிறகு இராணுவ உளவுத்துறைக்குள் இருந்த ஹிட்லர் எதிர்ப்புக் குழுவில் சேர்ந்தார். அந்தக் குழு 1942-ல் பொய்க் காரணம் காட்டிப் பதினான்கு பேரை ஸ்விட்சர்லாந்துக்குத் தப்பவைத்தது. பெரும்பாலோர் யூத வம்சத்தவர். அந்தப் பண விவகாரத்தின் நூல் பிடித்துத்தான் 1943 ஏப்ரலில் அவரைக் கைது செய்தார்கள். 1945 ஏப்ரல் 9 அன்று ஃபிளோசன்பர்க் முகாமில் தூக்கிலிட்டார்கள். வயது 39.

1942 முடியும் வேளையில் நண்பர்களுக்கு எழுதிய கட்டுரையில் அவர் ஒரு கேள்வி எழுப்புகிறார். உயிரைக் கொடுக்கும் வீரம் ஜெர்மானியரிடம் நிறைய இருந்தும், அநியாயத்துக்கு எதிரே குடிமகனாக நிமிரும் துணிவு ஏன் இல்லை? கீழ்ப்படியவே பழகினோம், நாமே பொறுப்பேற்று நடக்கப் பழகவில்லை என்பது அவருக்குக் கிடைத்த விடை. 'பொறுப்பு' என்பதற்கான ஜெர்மன் சொல்லுக்குள் 'பதில்' என்ற சொல் இருக்கிறது. நம் சொல்லுக்குள் பொறுத்தல், அதாவது சுமத்தல் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால்தான் அவர் சொல்ல வந்தது முழுமையாகும் என்று தோன்றுகிறது.

ஆனால் ஏழு ஆண்டுகளுக்கு முன்பே இதைச் செய்துகாட்டிய ஒருவர் இருந்தார். போதகர் அல்ல, பேராசிரியர் அல்ல. எலிசபெத் ஷ்மிட்ஸ், பெர்லினில் பெண்கள் பள்ளி ஆசிரியை. 1933-லேயே பார்த்துக்குக் கடிதம் எழுதி, யூதர்களுக்காகப் பேசுங்கள் என்று கேட்டவர். 1935-ல் ஒரு நீண்ட அறிக்கை எழுதினார். கடைகளில் என்ன நடக்கிறது, பள்ளியில் யூதக் குழந்தைகளை மற்றப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், யாருக்கு வேலை போயிற்று என்று பெயர் சொல்லாமல் நடப்புகளை அடுக்கிவிட்டு, திருச்சபை எங்கே என்று கேட்டார். ஏறத்தாழ 200 படிகள் தாமே எடுத்து, எதிர்ப்புத் திருச்சபையின் தலைவர்களுக்குக் கிடைக்கச் செய்தார். அதில் அவர் பெயர் இல்லை. பேரவை அதை விவாதத்துக்கு எடுக்கவில்லை. அடுத்த ஆண்டு ஒரு பின்னிணைப்பும் எழுதினார்.

1938 நவம்பரில் யூத ஆலயங்கள் எரிந்தன. இனி இந்த அரசு கேட்கிறபடி பாடம் சொல்லித்தர என்னால் முடியாது என்று கல்வித்துறைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டார். அப்போது அவருக்கு 45 வயது. அதே மாதம் கோல்விட்சர் என்ற போதகருக்கு எழுதிய கடிதத்தில், சொத்தை அழித்தவர்கள் அடுத்து மனிதர்களை அழிப்பார்கள் என்று எச்சரித்தார். அதன்பிறகு தம் வீட்டிலும் நகருக்கு வெளியே இருந்த சிறு குடிலிலும் யூதர்களை ஒளித்துவைத்தார்.

வீரத்துக்கான எந்தச் சின்னமும் இல்லாத வாழ்க்கை. தம்முடைய வகுப்பும் தோழிகளும் பக்கத்து வீட்டாரும் தமக்குச் சொல்லியதைக் கேட்டார், கேட்டதற்குப் பதில் சொன்னார். பார்மனில் கூடியிருந்த பண்டிதர்களைவிட அவர் துணிச்சலானவரா என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரியாத முகங்கள் அவருக்குத் தெரிந்திருந்தன.

போருக்குப் பிறகு தன் எதிர்ப்பின் கதையைத் திருச்சபை எழுதியபோது அந்த அறிக்கையை வேறொருவர் எழுதியதாகப் பதிவு செய்தது. அவரும் ஒரு பெண்ணே, நல்ல ஊழியர்தான். ஷ்மிட்ஸ் மறுத்துப் பேசவில்லை. சொந்த ஊரான ஹனாவுக்குத் திரும்பிப் பள்ளியில் பாடம் நடத்தினார். 1977-ல் இறந்தபோது அடக்கத்துக்கு வந்தவர்கள் ஏழு பேர். அறிக்கையை எழுதியவர் அவரே என்பது 1999-ல்தான் வெளியே வந்தது. 2004-ல் ஹனாவில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் பழைய கைப்பெட்டி ஒன்று கிடைத்தது. அதற்குள் அவர் கையாலேயே எழுதிய அறிக்கையின் முதல் வரைவு இருந்தது.