எட்டு வயதுக்கு ஆகாதது எது?

காரைக்காலில் தன் வீட்டு முன்னறையிலேயே சிறுவர் நூலகம் நடத்திவரும் தோழி ஒருத்தி, போன ஆனி மாதம் ஒரு கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தாள். காரைக்கால் அம்மையாரின் வாழ்க்கையைச் சொல்லும் சிறுவர் நாவல். "எட்டு வயசுப் பிள்ளைங்களுக்கு இது ஆகுமான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்கக்கா. கடைசி ரெண்டு அத்தியாயம்தான் யோசனையா இருக்கு" என்றாள். அந்த இரண்டு அத்தியாயங்களின் ஓரத்திலும் பென்சிலால் நீளக் கோடு போட்டிருந்தாள். ஒன்றில் புனிதவதி தன் உடம்பின் தசையை உதறிப் பேயுருக் கொள்கிறாள். மற்றொன்றில் அந்தப் பேய் தலையால் நடந்து கயிலைக்குப் போகிறது.

நான் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். எது பிள்ளைகளுக்கு ஆகும், எது ஆகாது என்ற கேள்விக்குப் பல வருடங்களாக யோசிக்காமலே பதில் சொல்லிப் பழகியவள். இந்த முறை யோசிக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் இது என் ஊரின் கதை.

எங்கள் ஊரில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் இந்தக் கதையைப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனிப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா வரும். அடியார் கோலத்தில் பிச்சாடனர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். கீழே நிற்பவர்கள் முந்தானையை விரித்துப் பிடிப்பார்கள். பிள்ளைப்பேறு வேண்டி நிற்கும் பெண்களுக்கு அந்தப் பழம் பிரசாதம். பாவாடை கட்டிய வயதில் நானும் அந்தக் கூட்டத்தில் இடிபட்டுப் பழம் பொறுக்கியிருக்கிறேன். அம்மையார் கயிலை சேர்ந்து இறைவன் காட்சி தரும் நிகழ்ச்சி நடப்பதோ இரவு கழிந்த பிறகு. அதற்குள் நாங்கள் திண்ணையில் தூங்கிப்போயிருப்போம். மாம்பழம் எங்களுக்கு, பேய் பெரியவர்களுக்கு. யாரும் விதி வகுக்கவில்லை. கதை அப்படித்தான் இரண்டாகப் பிரிந்து கிடந்தது.

சேக்கிழார் அதைப் பிரிக்கவில்லை. 12-ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய பெரியபுராணத்தில் கதை முழுதாக இருக்கிறது. காரைக்கால் வணிகன் தனதத்தனின் ஒரே மகள் புனிதவதி. நாகப்பட்டினத்து நிதிபதியின் மகன் பரமதத்தனுக்கு மணம் செய்து கொடுத்து, மகளைப் பிரிய மனமில்லாத தந்தை இருவரையும் காரைக்காலிலேயே குடிவைக்கிறான். பரமதத்தன் கடையிலிருந்து இரண்டு மாம்பழம் அனுப்புகிறான். பசியோடு வந்த அடியாருக்குக் கறி இன்னும் ஆகாத நிலையில் சோற்றோடு ஒரு பழத்தை அவள் இடுகிறாள். உண்ண வந்த கணவன் மிஞ்சிய பழத்தைத் தின்று, ருசி கண்டு, இன்னொன்றும் கேட்கிறான். அவள் உள்ளே போய் இறைவனை நினைக்கக் கையில் ஒரு கனி வருகிறது. அதன் சுவை வேறாக இருக்கவே, இது எங்கே கிடைத்தது என்கிறான்.

அந்த இடத்தில் அவள் படும் பாட்டைச் சேக்கிழார் மறைக்கவில்லை. இறையருளை வெளியே சொல்வது தகாது. கணவன் கேட்டதை மறைப்பது கற்பு நெறிக்கு ஆகாது. இரண்டுக்கும் நடுவில் அவள் நடுங்குகிறாள். பிறகு உண்மையைச் சொல்கிறாள். அவன் நம்பவில்லை. அப்படியானால் இன்னொன்று வரவழை என்கிறான். அதுவும் வருகிறது, அவன் கையில் வாங்கியதும் மறைந்துபோகிறது.

தோழி கோடு போடாத அத்தியாயம் இதுதான். நாவலாசிரியரும் இதை விரும்பி எழுதியிருந்தார். அடுப்படி, வாழையிலை, மாம்பழ வாசனை எல்லாம் நன்றாக வந்திருந்தன. அத்தியாயத்தின் கடைசி வரி, புனிதவதி கணவனிடம் எதையும் மறைக்காத உத்தமி என்று முடிந்தது.

என் அண்ணன் பேத்திக்கு அப்போதுதான் எட்டு வயது முடிந்திருந்தது. விடுமுறைக்கு வந்தவளை உட்காரவைத்து மூன்று மதியங்களில் நாவலை வாசித்துக் காட்டினேன். பேய் தலைகீழாக நடந்த இடத்தில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எழுந்து சுவரில் காலை ஊன்றித் தானும் நடந்து பார்த்தாள். கயிலையில் சிவன் 'அம்மையே' என்று அழைத்ததும், "சாமிக்கே அம்மாவா?" என்று கண்ணை விரித்தாள். அன்று இரவு நன்றாகத் தூங்கினாள்.

அவள் பயந்தது அதற்கு முந்தைய நாள், அடுப்படி அத்தியாயத்தில். கணவன் இரண்டாவது பழத்தைக் கேட்டதும் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். "பழம் இல்லேன்னு சொன்னா அடிச்சுடுவாரா பாட்டி?"

நாவலில் அடி கிடையாது. பெரியபுராணத்திலும் கிடையாது. ஆனால் நடுக்கம் இருக்கிறது. அந்த நடுக்கத்தின் பெயரைப் பக்தி என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். எட்டு வயதுப் பிள்ளை தான் எங்கோ பார்த்ததை வைத்துச் சரியாகப் படித்துவிட்டாள். ஒரு மாம்பழத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய வீட்டை, தகப்பன் தேடிவைத்த வீடாகவே இருந்தாலும், பிள்ளைகளுக்குத் தெரியும்.

பிள்ளைகளுக்கு எது ஆகாது என்று அரசுகளும் எழுதிவைத்திருக்கின்றன. 1949 ஜூலை 16-இல் பிரான்ஸ் இளையோர் வெளியீடுகளுக்கென்று ஒரு சட்டம் இயற்றியது. கொள்ளை, பொய், திருட்டு, சோம்பல், கோழைத்தனம், வெறுப்பு, ஒழுக்கக்கேடு ஆகியவற்றை நல்லவையாகக் காட்டக் கூடாது என்றது அது. அப்போது காரைக்காலில் பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956-இல் இந்திய நாடாளுமன்றமும் இளையோருக்குத் தீங்கான வெளியீடுகளைத் தடுக்க ஒரு சட்டம் போட்டது. இருபது வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லோரும் அதன்படி இளையோர். குற்றம், வன்முறை, கொடுமை ஆகியவற்றோடு, அருவருப்பும் கோரமுமான நிகழ்ச்சிகளைச் சொல்லி இளையோரைக் கெடுக்கும் கதைகளையும் அது தீங்கானவை என்றது. அன்று மேல்நாடுகளில் அமெரிக்கத் திகில் படக்கதைகளைப் பற்றிப் பெரும் கவலை நிலவியது. பிரிட்டன் அதற்கு முந்தைய ஆண்டுதான் இதைப் போன்ற சட்டம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தது.

இந்த இரண்டு பட்டியல்களையும் நாவலின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சட்டப்படி தீர்ப்பெழுத அல்ல, என் தோழியின் பென்சில் எந்த வழியில் போயிருக்கிறது என்று பார்க்கத்தான். அது இரண்டாவது பட்டியலின் வழியில் போயிருந்தது. வற்றிய மார்பு, துருத்திய எலும்பு, குழிந்த கண்: அருவருப்பு, கோரம். முதல் பட்டியலை எடுத்துக்கொண்டால் பென்சில் வேறு பக்கம் திரும்பியிருக்கும். மனைவியைக் கண்டு அஞ்சிய பரமதத்தன் அதை யாரிடமும் சொல்வதில்லை. கடல் வாணிபத்துக்குப் போவதாகச் சொல்லிக் கப்பலேறுகிறான். திரும்பி வரவில்லை. பாண்டிநாட்டுத் துறைமுக ஊர் ஒன்றில் வேறு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். முதல் மனைவி காரைக்காலில் காத்திருக்கிறாள். பொய்யும் கோழைத்தனமும் இங்கே இருக்கின்றன. நாவலோ, "அவளைத் தெய்வமாக மதித்ததால் விலகிச் சென்றார்" என்று ஒரே வரியில் அவனைக் கரையேற்றிவிட்டது. கெட்டதை நல்லதாகக் காட்டுவது என்றால் இதுதான். இதன் ஓரத்தில் கோடு இல்லை.

இனி அந்தப் பேய்க்கு வருகிறேன். அம்மையார் 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. சேக்கிழாருக்கும் அவருக்கும் இடையில் ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள். அற்புதத் திருவந்தாதி, திருஇரட்டை மணிமாலை, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் என்று அவர் எழுதியவை பதினோராம் திருமுறையில் இருக்கின்றன. அவற்றில் மாம்பழம் இல்லை. பரமதத்தனும் இல்லை. பேசத் தொடங்கிய நாள் முதல் சிவனிடம் கொண்ட காதல் இருக்கிறது; சுடுகாடு இருக்கிறது; அங்கே திரியும் பெண்பேயின் உடம்பை உறுப்பு உறுப்பாகக் கூச்சமில்லாமல் சொல்லும் துணிவு இருக்கிறது. பாட்டின் முடிவில் தன்னைக் காரைக்கால் பேய் என்று அவரே சொல்லிக்கொள்கிறார். மனைவி என்றோ உத்தமி என்றோ சொல்லிக்கொள்ளவில்லை. அந்தப் பேயுருவுக்குக் கணவனைக் காரணமாக்கி, அவனுக்காகச் சுமந்த தசை என்று விளக்கம் சொன்னது பிற்காலப் புராணம்.

சிற்பிகள் அவர் சொன்னபடியே செய்தார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடும் சிவனின் காலடியில் எலும்புருவாக உட்கார்ந்து பாடுகிறார். கம்போடியாவின் பந்தியாய் ஸ்ரீ கோயிலிலும் ஆடும் சிவனின் அருகே தொங்கிய மார்போடு இருக்கும் பெண்ணுரு அவரே என்கிறார்கள். சோழர் காலச் செப்புத் திருமேனி ஒன்று, கையில் தாளத்தோடு, அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோயிலுக்கு வரும் பிள்ளைகளை யாரும் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னதில்லை. 1973-இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த 'காரைக்கால் அம்மையார்' படத்தில் லட்சுமி புனிதவதி, கே.பி. சுந்தராம்பாள் பிற்கால அம்மையார். சுந்தராம்பாளின் குரலுக்கு நானும் அடிமை. ஆனாலும் திரையில் நிற்பது நிறைந்த உடம்போடு கம்பீரமான மூதாட்டி. எலும்புருவம் எங்கள் தலைமுறையின் மனத்திலிருந்து போனதற்கு அந்தப் படமும் ஒரு காரணம்.

கடைசி இரண்டு அத்தியாயங்களை எடுத்துவிட்டால் எட்டு வயதுப் பெண்பிள்ளையிடம் என்ன மிஞ்சும்? அழகான மனைவி, கேள்வி கேட்கும் கணவன், காப்பாற்றும் கடவுள், பிறகு கைவிடப்படுதல். அதோடு புத்தகம் முடிந்துவிடும். அழகு தனக்கு வேண்டாம் என்று ஒரு பெண் தானே கேட்டு வாங்கிக்கொண்டதும், அதன்பின் அவள் பாடியதும், கடவுளே அவளை அம்மா என்று அழைத்ததும் பெரியவளான பிறகு தெரிந்துகொள்ளட்டும் என்று ஒத்திப்போடப்படும். நாங்கள் திண்ணையில் தூங்கியது போல.

இப்படி ஒத்திப்போட்டவர்களில் நானும் உண்டு. வகுப்பில் மாங்கனிக் கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பதிகத்தின் பெண்பேயைப் பெண்பிள்ளைகள் முன்னால் வாசிக்க ஒருமுறைகூட எனக்கு வாய் வரவில்லை.

பிரதியைத் திருப்பிக் கொடுக்கும் முன் கடைசி இரண்டு அத்தியாயங்களின் கோடுகளை ரப்பரால் அழித்தேன். அடுப்படி அத்தியாயத்தின் கடைசி வரிக்கும், பரமதத்தன் விலகிப்போன வரிக்கும் கீழே புதிதாகக் கோடு போட்டேன். தோழி அதைப் பார்த்துவிட்டு, "இதுலயாக்கா? இது நமக்கெல்லாம் தெரிஞ்ச கதைதானே" என்றாள்.

"எட்டு வயசுக்குத் தாராளமா ஆகும்" என்றேன். "ஆனா உத்தமிங்கிற வரிய எடுத்துட்டு, அவ நடுங்கினான்னு சேக்கிழார் சொன்னதையே எழுதச் சொல்லு. அந்த ஆளு பொய் சொல்லிட்டுக் கப்பல் ஏறினதையும் விடாம எழுதட்டும். அடுப்படி அத்தியாயத்த மட்டும் பிள்ளைங்க தனியா படிக்க வேணாம். பக்கத்துல யாராவது உக்காந்திருக்கணும். அவங்க கேள்வி கேப்பாங்க."