குத்தாத கருவியும் இரவு ஷிஃப்டும்

விரலைக் குத்தாமல் ரத்தச் சர்க்கரையை அளக்கும் கருவி வந்தால், அதை முதலில் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் இரவு ஷிஃப்டில் சோதிக்க வேண்டும். ஆய்வகத்தின் குளிரூட்டிய அறையில் கிடைக்கும் சான்று போதாது என்பதே என் வாதம்.

தேவையில் ஐயமில்லை. ஐசிஎம்ஆர்-இன்டியாப் ஆய்வு 2023இல் இந்திய நீரிழிவாளர் எண்ணிக்கையை 10.1 கோடி என்று மதிப்பிட்டது. லேத்தில் இருபது ஆண்டு நின்றவரின் விரல் நுனி காய்ப்பேறியிருக்கும். ஊசியை ஆழமாக இறக்கினால்தான் ஒரு சொட்டு வரும். அந்தப் புண்விரலால்தான் மறுநாள் கூலன்ட் படிந்த ஜாப்பைக் கழற்றி மைக்ரோமீட்டரைப் பிடிக்க வேண்டும். சோதனையைத் தள்ளிப்போட இது போதும்.

சிக்கல் வேதியியலில் தொடங்குகிறது. 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 100 மில்லிகிராம் சர்க்கரை என்றால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். அகச்சிவப்பு ஒளியைத் தோலுக்குள் செலுத்தினால் அதைப் பெரிதும் விழுங்குவது நீர். தோலின் வெப்பம் சற்று மாறினாலே நீரின் உறிஞ்சல் மாறி, சர்க்கரை ஏறியதுபோல் தோற்றம் தரும். மின்னோட்டத்தால் தோல்வழியே சர்க்கரையை இழுத்த குளுக்கோவாட்ச் 2001இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. வியர்த்தால் அளவீட்டையே விட்டுவிடும், தோலும் எரிந்தது. ஆவடியின் மே மாதத்துக்கு அது எப்படி ஆகும்?

இதைவிட நுட்பமான பொறி ஒன்று உண்டு. காலை எட்டுக்கு இட்லி, ஒரு மணிக்குச் சோறு, இரவு ஒன்பதுக்குச் சப்பாத்தி என்று வாழ்பவரின் சர்க்கரை கடிகாரத்தோடு ஏறி இறங்கும். அவருடைய விரல்ரத்த அளவைக் கொண்டு காலையில் அளவுதிருத்திய கருவி, சர்க்கரையை அளக்காமல் உடல்வெப்பத்தையும் நாடித்துடிப்பையும் பின்பற்றினாலே நல்ல தொடர்புக்கெழுவைக் காட்டிவிடும். நேரத்தை ஊகிப்பதும் சர்க்கரையை அளப்பதும் அந்தக் கெழுவில் ஒன்றாகவே தெரியும்.

பூந்தமல்லியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் இரவுப் பணிக்கு வருபவரிடம் இந்த ஊகம் உடையும். அவர் நள்ளிரவில் கேன்டீனில் சாப்பிடுகிறார், நான்கு மணிக்கு டீ, காலை எட்டுக்குத் தூக்கம். ஆகவே பகல் ஷிஃப்டில் ஒருமுறை அளவுதிருத்திவிட்டு, ஷிஃப்ட் மாறும் வாரத்தில் கருவியைத் தொடாமல், மணிக்கொருமுறை ரத்த அளவோடு ஒப்பிடட்டும். குளுக்கோமீட்டருக்கான ஐஎஸ்ஓ 15197:2013 தரமே இதற்கும் உரைகல்: 100க்குக் கீழே 15 மில்லிகிராமுக்குள்ளும், அதிலிருந்து மேலே 15 விழுக்காட்டுக்குள்ளும் 95 விழுக்காடு அளவீடுகள் அமைய வேண்டும்.

பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் துருவப்படுத்திய ஒளியையும் அது திசுவில் எழுப்பும் ஒலியையும் கொண்டு முயல்கிறார்கள். குளுக்கோஸ் அந்த ஒளியின் தளத்தைத் திருப்பும். மூலக்கூற்றின் சொந்தப் பண்பைத் தேடுவதால் இவ்வழியை நான் மதிக்கிறேன். ஒளியால் அளப்பதால் கருந்தோலும் சோதனையில் கட்டாயம் இருக்கட்டும்: கறுப்பினத்தவரின் ஆக்சிஜன் குறைவைப் பல்ஸ் ஆக்சிமீட்டர் கூடுதலாகத் தவறவிட்டதை 2020இல் அமெரிக்க ஆய்வு காட்டியது.

தோலைத் துளைக்காமல் சர்க்கரையைத் தாமே அளக்கும் வாட்ச், மோதிரம் எதற்கும் ஒப்புதல் தரவில்லை என்று அமெரிக்க எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. கிளிமிபிரைடு மாத்திரை போட்டுக்கொண்டு விடியற்காலை மூன்று மணிக்குப் பிரஸ் மெஷின் முன் நிற்பவருக்குச் சர்க்கரை 60க்கு இறங்கும்போது, கைக்கடிகாரம் 120 என்று காட்டினால் அவர் மிட்டாயைத் தேட மாட்டார். அடுத்த தகட்டை எடுத்து வைப்பார்.