காகிதம், கண்ணாடி, தகரம்: புணேயில் ஒரு பஞ்சாயத்து

பெயரிலேயே சரக்கை வைத்திருக்கிற சங்கம் இது. புணேயில் குப்பை சேகரிப்போர் சேர்ந்த காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத். மராத்தியில் காகத் என்றால் காகிதம், காச் கண்ணாடி, பத்ரா தகரம். கஷ்டகரி என்பவர் உடல் நோக உழைப்பவர். ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தபடி நம் தெருக்களில் போனவரின் கூவலை அப்படியே பலகையில் எழுதி மாட்டியது போலிருக்கிறது.

தமிழில் இந்தத் தொழிலைச் சொல்லத்தான் வாய் கூசுகிறது. குப்பை பொறுக்குபவர் என்று எழுதினால் 'பொறுக்கி' என்ற வசையும் பின்னாலேயே வந்து நிற்கிறது. நல்லதைத் தேர்ந்தெடுப்பதற்கும் பொறுக்கி எடுப்பது என்றுதான் பெயர் என்பது மறந்துபோயிற்று. இந்தச் சங்கத்துப் பெண்கள் செய்வது இரண்டாவது வகைப் பொறுக்கல். பால் கவர் வேறு, பாட்டில் வேறு, வெள்ளைக் காகிதம் வேறு, அட்டை வேறு. காயலான் கடையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. சோற்றோடும் குழம்போடும் ஊறிய காகிதத்துக்கு விலையே இல்லை.

சங்கத்தின் கதை இந்த ஊறிய காகிதத்தில்தான் தொடங்குகிறது. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தின் முதியோர் கல்வித் துறையினர், குப்பை சேகரிக்கும் குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்கப் புணேயின் குடிசைப் பகுதிகளுக்குப் போனார்கள். பூர்ணிமா சிகர்மனே, லக்ஷ்மி நாராயண் ஆகியோர் அவர்களில் முக்கியமானவர்கள். தாயின் வருமானம் உயராமல் பிள்ளை பள்ளிக்கு வராது என்பது அவர்களுக்குச் சீக்கிரமே விளங்கியது. தொட்டியில் கிளறி எடுக்கும் பொருளைவிட, வீட்டிலேயே பிரித்துக் கொடுக்கும் பொருளுக்கு விலை அதிகம், நேரமும் மிச்சம். முப்பது பெண்களுக்கு அடையாள அட்டை கொடுத்து, வீட்டு வாசலில் பிரித்த குப்பையைப் பெற்றுக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள்.

அது நன்றாக நடக்கத் தொடங்கியதும் அதே பகுதிக்குள் தனியார் ஒருவரின் குப்பை வண்டி நுழைந்தது. பெண்கள் எதிர்த்து நின்றார்கள். வண்டி திரும்பிப் போனது. ஆனால் அடுத்த தெருவில் இன்னொரு வண்டி வந்தால்? முப்பது பேரால் ஒரு நகரத்தின் குப்பையைக் காக்க முடியாது. 1993 மே மாதம் எண்ணூறுக்கும் மேற்பட்டோர் கூடிய மாநாட்டில் சங்கம் பிறந்தது. தலைமை தாங்கியவர் பாபா ஆடாவ். மூட்டை தூக்குவோரின் ஹமால் பஞ்சாயத்தைக் கட்டியவர். சாதி பார்க்காத ஒரே நீர்நிலை ஊருக்கு ஊர் வேண்டும் என்று இயக்கம் நடத்தியவர். ஹமால்களுக்காக அந்தப் பஞ்சாயத்து தொடங்கிய மலிவு விலை உணவகத்துக்குக் 'கஷ்டாச்சி பாக்கர்', அதாவது உழைப்பின் ரொட்டி, என்று பெயர். அதே பாணியில் குப்பை சேகரிப்போர் சங்கம் பின்னர் தொடங்கிய பழைய பொருள் கடைக்கு 'கஷ்டாச்சி கமாய்' என்று பெயரிட்டார்கள்: உழைப்பின் வருமானம்.

விழா மலர்களில் நிர்வாகம் என்ற தலைப்பின் கீழ்ப் பொன்னாடை போர்த்திய படங்களைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். இங்கே நிர்வாகம் என்பது மாதக் கூட்டம். ஒவ்வொரு குடியிருப்பிலிருந்தும் தேர்வான பிரதிநிதிகள் வந்து உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிறார்கள். உறுப்பினரில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களிலும் பெரும்பாலோர் தலித்துகள். பலர் பள்ளி வாசல் மிதிக்காதவர்கள். சந்தா, எடையில் ஏமாற்றும் கடைக்காரர், போலீஸ் தொல்லை, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம், குழந்தைத் திருமணம், எல்லாம் அந்தக் கூட்டத்துக்கு வரும்.

முதல் பெரிய வெற்றி ஓர் அட்டை. சங்கம் கொடுத்த அடையாள அட்டைக்கு 1995-96-இல் மாநகராட்சி ஒப்புதல் அளித்தது. தெருவில் எங்காவது திருட்டுப் போனால் முதலில் சாக்குப் பையோடு போகிறவரைப் பிடிக்கும் ஊரில், அந்த அட்டையின் மதிப்பைப் பணத்தில் சொல்ல முடியாது.

பணத்தில் சொல்ல வேண்டியதையும் சங்கம் சொன்னது. 2001-இல் வெளியான ஆய்வு, ஒவ்வொரு குப்பை சேகரிப்பாளரும் மாதம் 246 ரூபாய் மதிப்புள்ள உழைப்பை மாநகராட்சிக்குக் கூலியில்லாமல் கொடுக்கிறார் என்று கணக்கிட்டது. அவர் எடுத்துப் போகும் ஒவ்வொரு கிலோவையும் மாநகராட்சி லாரி ஏற்ற வேண்டியதில்லை அல்லவா! அதன் பிறகு சங்கம் எதையும் தர்மமாகக் கேட்கவில்லை. பாக்கியை வசூலிக்கிற தொனியில் கேட்டது. 2002-03 முதல் பதிவு பெற்ற சேகரிப்பாளர்களின் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தை மாநகராட்சியே கட்டத் தொடங்கியது அந்தக் கணக்கின் பலன்தான். கடன் கூட்டுறவுச் சங்கமும் தனியாக நடந்தது. கந்துவட்டிக்காரரும் காயலான் கடைக்காரரும் ஒரே ஆளாக இருந்த நிலையை அது மெல்ல மாற்றியது.

2000-இல் மத்திய அரசின் நகர்ப்புறக் கழிவு விதிகள் வீடு வீடாகக் குப்பை சேகரிப்பதைக் கட்டாயமாக்கின. கேட்க நன்றாக இருக்கும் இந்த விதிதான் குப்பை சேகரிப்போருக்கு மிகப் பெரிய ஆபத்து. ஒப்பந்தக்காரரின் வண்டி வாசலுக்கே வந்துவிட்டால் தொட்டியில் என்ன மிஞ்சும்? முப்பது பேர் விரட்டிய வண்டி இப்போது சட்டத்தின் துணையோடு வரப்போகிறது. அந்த வண்டியின் இடத்தில் தாங்களே நிற்பது என்று சங்கம் முடிவு செய்தது. சில ஆண்டுச் சோதனைக்குப் பின் 'ஸ்வச்' என்ற கூட்டுறவு பிறந்தது. 2008-இல் புணே மாநகராட்சியுடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டது. முழுக்க முழுக்கச் சேகரிப்பாளர்களுக்கே சொந்தமான நிறுவனம். தள்ளுவண்டி, கையுறை, நிர்வாகச் செலவு மாநகராட்சியுடையது. கூலியோ வீட்டுக்காரர் மாதந்தோறும் தரும் கட்டணம். அது நேரே அந்தப் பெண்ணின் கைக்குப் போகிறது. பிரித்த பொருளை விற்ற காசும் அவருக்கே.

இதை நான் இந்தச் சங்கத்தின் மிகத் துணிந்த முடிவு என்பேன். மிகச் சிக்கலான முடிவும் இதுதான். ஒரே பெண் காலையில் மாநகராட்சியின் பங்காளி, மதியம் அதன் வாசலில் கோஷம் போடுகிறவர். தொழிற்சங்கத்தைக் கலைத்துவிட்டுக் கூட்டுறவாக மட்டும் நின்றிருந்தால் ஒப்பந்தம் கிடப்பில் போடப்பட்ட நாட்களில் கேட்க நாதி இருந்திருக்காது. முதல் ஒப்பந்தம் 2013-இல் முடிந்தது. முறையாகப் புதுப்பிக்க 2016 ஆயிற்று. 2020 முடிவில் மறுபடி அதே இழுபறி, குறுகிய கால நீட்டிப்புகள். ஒவ்வொரு முறையும் பஞ்சாயத்துதான் தெருவில் இறங்கியது.

போராட்டத்தில் குறும்பும் உண்டு. 2013-இல் வீடுகளிலிருந்து வந்த, பயன்படுத்திய சானிட்டரி நாப்கின்களைப் பொட்டலம் கட்டி, தயாரித்த பெரிய நிறுவனங்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். தினமும் கையால் அதைப் பிரிப்பது யார் என்று கம்பெனி முதலாளிக்குத் தெரிய வேண்டாமா? காகிதத்தில் சுற்றி, சிவப்புப் பொட்டு வைத்துக் கொடுங்கள் என்று வீடுகளிடமும் கேட்டார்கள். சுற்றுவதற்கான பைகளைப் பழைய செய்தித்தாளில் தாங்களே செய்து விற்றார்கள்.

2008-இல் பொகோட்டாவில் உலகக் குப்பை சேகரிப்போர் முதல் மாநாடு கூடியது. அதன் பின் உருவான உலக அமைப்பில் புணேயின் குரலுக்கு இடமுண்டு. 2016-இன் திடக்கழிவு விதிகள் குப்பை சேகரிப்போரைப் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டன. சட்டப் புத்தகத்தில் ஒரு சொல் ஏற இருபது ஆண்டுக்கு மேல் ஆனது.

இந்த மலரும் ஒரு நாள் பழைய பேப்பர் கடைக்குத்தான் போகும். போடும்போது பிளாஸ்டிக் உறையைக் கழற்றி வேறாக வையுங்கள். குழம்புச் சட்டியின் அடியில் மட்டும் விரித்துவிடாதீர்கள். நனைந்தால் எடுத்துப் போகிறவருக்கு ஒரு பைசா கிடைக்காது.