ஒரு திருமுடியும் 38 நாட்களும்

சின்ன வயசில் எனக்குக் காய்ச்சல் வந்தால், உம்மம்மா முதலில் தேடுவது மாத்திரையை அல்ல, ஒரு பித்தளைச் சிமிழை. நாகூர் கந்தூரியில் ரவ்ழாவில் பூசி எடுத்த சந்தனம் அதற்குள் காய்ந்து கிடக்கும். ஒரு துளி தண்ணீர் விட்டுக் குழைத்து நெற்றியில் தடவி, "பரக்கத்துப்பா, சரியாப் போயிரும்" என்பார். சவூதியில் எட்டு வருஷம் இருந்துவிட்டு வந்த காக்காவுக்கு அந்தச் சிமிழைக் கண்டாலே ஆகாது. "இதெல்லாம் ஷிர்க்கு" என்று ஒருநாள் சத்தம் போட, உம்மம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அந்தச் சண்டை என் தலையில் இருந்ததால்தானோ என்னவோ, கல்லூரியில் அமிதவ் கோஷின் 'தி ஷேடோ லைன்ஸ்' படித்தபோது நாவலின் காதலும் டாக்காவும் பின்னுக்குப் போய், ஸ்ரீநகரில் காணாமல் போன ஒரு முடி மட்டும் மனசில் ஒட்டிக்கொண்டது. அதைத் தேடிப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

1963 டிசம்பர் 27. தால் ஏரிக்கரையில் இருக்கும் ஹஸ்ரத்பால் தர்காவில், நபிகளாருடையது என்று காஷ்மீரிகள் போற்றும் திருமுடி, மூ-ஏ-முகத்தஸ், வைத்த இடத்தில் இல்லை. விடிந்ததும் செய்தி பரவியது. உறைபனியில் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். கறுப்புக் கொடிகள், அழுகை, அடைத்த கடைகள். கோபம் முழுக்க பக்ஷி குலாம் முகம்மதுவின் குடும்பத்தின் மேல் திரும்பியது. அவர் பத்து வருஷம் காஷ்மீரின் பிரதமராக இருந்தவர் (அப்போது அங்கே முதலமைச்சருக்குப் பெயர் பிரதமர்). பதவி விலகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. விலக வைத்தது நம்ம ஊர்க் காமராஜர் பெயரில் வந்த திட்டம். தனக்குப் பதிலாக பக்ஷி உட்கார வைத்துவிட்டுப் போன ஷம்சுத்தீனுக்குக் கூட்டத்தை என்ன செய்வதென்றே தெரியவில்லை. தெருவை நடத்தியது மௌலானா மஸூதி முன்னின்ற செயற்குழு. ஊர்வலங்களில் பண்டிட்டுகளும் சீக்கியர்களும் சேர்ந்து நடந்தார்கள். பள்ளத்தாக்கில் மதச் சண்டை நடக்கவில்லை.

நடந்தது வேறு இடத்தில். ஜனவரித் தொடக்கத்தில், கிழக்குப் பாகிஸ்தானின் குல்னாவில் இதைக் காரணம் காட்டி இந்துக்கள் கொல்லப்பட்டார்கள். அது டாக்கா, நாராயண்கஞ்ச் வரை போனது. பதிலுக்குக் கல்கத்தாவில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அகதிகள் எல்லையைக் கடந்தபடியே இருந்தார்கள். அந்த முடியைக் கண்ணால்கூடப் பார்த்திராதவர்கள் அதன் பெயரால் வெட்டிக்கொள்ள, அதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் கை ஓங்காமல் அழுதுகொண்டிருந்தார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த முடி காஷ்மீருக்கு வந்ததே ஒரு கதை. மரபு சொல்வது இப்படி: சையத் அப்துல்லா என்பவர் மதீனாவிலிருந்து இதை 1635ல் பீஜப்பூருக்குக் கொண்டுவந்தார். அவர் மகனிடமிருந்து நூருத்தீன் ஈஷாயி என்கிற காஷ்மீர் வியாபாரியின் கைக்குப் போனது. ஔரங்கசீப் அதைப் பறித்து அஜ்மீருக்கு அனுப்பி, வியாபாரியைச் சிறையில் போட்டார். பிறகு மனம் மாறித் திருப்பித் தரச் சொன்னபோது நூருத்தீன் உயிரோடு இல்லை. 1700ல் அவர் உடலும் திருமுடியும் சேர்ந்தே காஷ்மீர் போய்ச் சேர்ந்தன. கூட்டம் தாங்காமல் நகரத்திலிருந்து ஏரிக்கரைக்கு மாற்றினார்கள். நூருத்தீனின் மகள் இனாயத் பேகத்தின் வழிவந்தவர்கள்தான் நிஷான்தே, அதாவது திருமுடியை எடுத்துக் காட்டும் உரிமை உள்ளவர்கள். மிஃராஜ், மீலாது போன்ற நாட்களில் அவர்கள் கண்ணாடிக் குப்பியை உயர்த்தும்போது கீழே ஆயிரம் கைகள் ஏந்தி நிற்கும்.

மார்க்கம் இதை ஏற்கிறதா? காக்கா நினைப்பதுபோல நேரடியான பதில் இல்லை. தன் ஹஜ்ஜில் நபிகளார் முடி களைந்தபோது, அதைத் தோழர்களுக்குப் பங்கிடச் சொல்லி அபூ தல்ஹாவிடம் கொடுத்தார் என்பது ஹதீஸ் தொகுப்புகளிலேயே இருக்கிறது. அன்னை உம்மு ஸலமாவிடம் சில முடிகள் இருந்தன. நோயாளிகளுக்கு அவற்றை நீரில் அலசிக் கொடுப்பார். காலித் பின் வலீத் ஒரு போர்க்களத்தில் தொப்பியைத் தொலைத்துவிட்டுப் பதறித் தேடினார், அதற்குள் நபிகளாரின் முடி இருந்தது என்றும் அறிவிப்பு உண்டு. அதே தலைமுறைக்காரரான உமரோ, கஃபாவின் கறுப்புக் கல்லை முத்தமிட்டுக்கொண்டே, நீ வெறும் கல்தான், உன்னால் நன்மையும் இல்லை தீமையும் இல்லை என்ற கருத்தில் பேசியவர். ஹுதைபியாவில் நபிகளார் உறுதிமொழி வாங்கிய மரத்தடிக்கு ஜனங்கள் போய்த் தொழ ஆரம்பித்ததும், அதை வெட்டச் சொன்னார் என்கிறார்கள். உம்மம்மாவும் காக்காவும் அன்றைக்கே இருந்திருக்கிறார்கள். ரெண்டு பேரும் ஸஹாபாக்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

திரும்பவும் 1964க்கு. நேரு உளவுத்துறைத் தலைவர் பி.என். மல்லிக்கை அனுப்பினார். ஜனவரி 4 அன்று திருமுடி எடுக்கப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்திருந்தது. எப்படி, யார் வைத்தார்கள் என்பதை மல்லிக் தன் நினைவுக் குறிப்புகளிலும் சொல்லவில்லை. வானொலி அறிவிப்பைக் கேட்டு ஊர் கொண்டாடியது. கொஞ்ச நேரத்திலேயே ஒரு கேள்வி கிளம்பியது: இது அதேதானா? அரசாங்கம் வேறொரு முடியை வைத்து ஏமாற்றவில்லை என்பதற்கு என்ன சாட்சி?

ஜனங்கள் தீதார் கேட்டார்கள். பெரியவர்கள் பார்த்து உறுதி சொல்ல வேண்டும் என்றார்கள். அதிகாரிகளுக்கு நடுக்கம். ஒருவர் 'இல்லை' என்றால் பள்ளத்தாக்கே போய்விடும். பக்கவாதத்தில் விழுந்திருந்த நேரு, லால் பகதூர் சாஸ்திரியை அனுப்பினார். கிளம்பும்போது அவரிடம் குளிர்கோட்டு இல்லாமல், நேரு தன் கோட்டையே கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. குள்ளமான சாஸ்திரிக்கு அது தொளதொளவென்று இருந்ததாம். நாலே மாதத்தில் அவர் பிரதமரானதும் இந்தக் கோட்டுக்கே ஒரு புனிதப்பொருள் அந்தஸ்து வந்துவிட்டது. கஅப் பின் ஸுஹைருக்கு நபிகளார் போர்த்திய மேலாடையை முஆவியா விலைக்கு வாங்கிக் கலீஃபாக்களின் அடையாளமாக்கினார் என்பார்கள். டெல்லிக்காரர்களுக்கும் அந்தப் புத்தி இருந்திருக்கிறது.

சாஸ்திரி தீதாருக்குச் சம்மதித்தார். பிப்ரவரி 3. எல்லோரும் மதித்த ஃபக்கீர் மீரக் ஷா காஷானி குப்பியைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். இதுதான் என்றார். அவ்வளவுதான். தெருவில் அழுகை வேறு மாதிரி ஆனது. அந்த மாதமே ஷம்சுத்தீன் போய் ஜி.எம். சாதிக் வந்தார். ஏப்ரலில் ஷேக் அப்துல்லா சிறையிலிருந்து விடுதலையானார். மூன்று பேரைப் பிடித்ததாக அறிவித்தார்கள். ஏன் எடுத்தார்கள் என்பது கடைசிவரை மூடியே கிடக்கிறது.

இதை ஒருநாள் காக்காவிடம் முழுசாகச் சொன்னேன். "அது ரசூலுல்லாவோட முடின்னு அந்த ஆளு எப்படிடா சொன்னாரு? சனது வேணாமா?" என்றார். நியாயமான கேள்வி. ஹதீஸுக்கு அறிவிப்பாளர் வரிசை கேட்கிற சமூகம் முடிக்கும் கேட்கத்தான் வேண்டும். "அவர்கிட்ட அதைக் கேக்கல காக்கா," என்றேன். "டிசம்பருக்கு முன்னாடி இங்க இருந்ததும் இப்ப இருக்கறதும் ஒண்ணான்னுதான் கேட்டாங்க. அதுக்கு அதை ஆயுசு பூராப் பாத்தவர் கண்ணு போதும்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சரி, ரசூலுல்லாவோட முடிக்கு ஹதீஸ் இருக்கு. ஒத்துக்கறேன். நாகூர் சந்தனத்துக்கு?"

நபிகளாரின் பொருட்களில் பரக்கத் தேடுவதை ஏற்கிற ஆலிம்களிலேயே பலர், அடுத்தவர்களுடையது என்று வந்தால் பிரிந்துவிடுகிறார்கள். என்னிடம் பதில் இல்லை. உம்மம்மா மௌத்தாகி ஆறு வருஷம் ஆகிறது. சிமிழ் காக்காவின் பீரோவில்தான் இருக்கிறது.