நாலாயிரம் கிலோமீட்டர் நடந்து வந்த நாய்

நம்மூர்ப் பக்கம் பூனைத் தொல்லை தாங்க முடியாமல் போனால் ஒரு வைத்தியம் உண்டு. கோணிப்பையில் போட்டு வாயைக் கட்டி, சைக்கிள் கேரியரில் வைத்து, ஆற்றைத் தாண்டி அடுத்த ஊர்ச் சந்தையில் அவிழ்த்து விட்டு வருவார்கள். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் அடுப்பு மேடையில் சுகமாகப் படுத்திருக்கும். பையைக் கட்டித்தானே கொண்டு போனோம், எப்படி வழி தெரிந்தது என்று வீட்டுப் பெரியவர்கள் கொஞ்ச நேரம் அதிசயப்படுவார்கள். அப்புறம் "சனியன், கிடந்துட்டுப் போகட்டும்" என்று பால் ஊற்றி விடுவார்கள்.

இதே கேள்வியை மெனக்கெட்டு ஆராய்ந்த ஒருவர் இருந்தார். அமெரிக்காவில் க்ளீவ்லாண்ட் நகரத்து விலங்கியல் பேராசிரியர் ஃபிரான்சிஸ் ஹெரிக். தன் வீட்டுப் பூனையைப் பையில் போட்டு டிராமில் ஏறி கல்லூரிக்குக் கொண்டு போயிருக்கிறார். அது தப்பி ஓடி வீட்டுக்கே வந்து சேர்ந்தது. மனிதருக்கு ஆர்வம் தாங்கவில்லை. குட்டி போட்ட ஒரு தாய்ப் பூனையைப் பிடித்து, குட்டிகளை ஓரிடத்தில் வைத்துவிட்டு, தாயை மட்டும் வெவ்வேறு திசையில் வெவ்வேறு தூரத்தில் கொண்டு போய் விட்டுப் பார்த்தார். நாலு மைல் வரை திரும்பி வந்தது. பதினாறு மைலுக்கு மேல் கொண்டு போய் விட்டபோது வரவில்லை. 1922-ல் இதைக் கட்டுரையாக எழுதினார். அந்தத் தாய்ப் பூனைக்காக எனக்கு இன்றைக்கும் பேராசிரியர் மேல் கொஞ்சம் கோபம் உண்டு.

ஆச்சா? குட்டி போட்ட பூனைக்கே கணக்கு நாலு மைல்தான். அடுத்த வருஷம் ஒரு நாய் இந்தக் கணக்கையெல்லாம் கிழித்துப் போட்டது.

அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் ஆரகன் மாநிலத்தில் சில்வர்டன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ப்ரேசியர் என்ற குடும்பம் சாப்பாட்டுக் கடை நடத்தி வந்தது. அதற்கு முன்னால் அவர்கள் விவசாயம் பார்த்தவர்கள். பண்ணையை விற்றுவிட்டு டவுனுக்கு வந்தபோது நாயைப் பண்ணையோடு விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். அது சும்மா இருக்கவில்லை. டவுனுக்கு நடந்து வந்து வந்து இவர்களைப் பார்த்துவிட்டுப் போகும். கடைசியில் பணம் கொடுத்துத் திரும்ப வாங்கிக் கொண்டார்கள் என்று குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். பெயர் பாபி. காலி ஜாதி, முழு ரத்தம் இல்லை, கலப்பு. இரண்டு வயது.

1923 ஆகஸ்டில் குடும்பம் காரில் கிளம்பி இந்தியானா மாநிலத்தில் வோல்காட் என்ற ஊரில் இருந்த உறவினர் வீட்டுக்குப் போனது. கிட்டத்தட்ட கண்டத்தின் மறுபாதி. பாபி மூட்டை முடிச்சுகளின் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே போனதாம். வோல்காட்டில் பெட்ரோல் போட நிறுத்தியபோது உள்ளூர் நாய்கள் சேர்ந்து துரத்த, இது ஓடியது. திரும்பி வரவில்லை. தேடினார்கள், பேப்பரில் விளம்பரம் கொடுத்தார்கள். எத்தனை நாள் உறவினர் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியும்? பாபி இல்லாமல் ஊர் திரும்பினார்கள்.

1924 பிப்ரவரி 15. சில்வர்டன் தெருவில் போய்க்கொண்டிருந்த அந்த வீட்டுப் பெண் ஒரு நாயைப் பார்த்து நின்றாள். எலும்பும் தோலுமாக, சடை பிடித்த முடியோடு, பாதம் தேய்ந்து நகம் போய் நின்றது. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் மேலே தாவியது. கடைக்குள் ஓடி, மாடியில் தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் முகத்தை நக்கி எழுப்பியது.

ஆறு மாதம். நடுவில் சமவெளி, பாலைவனம், ராக்கி மலைத்தொடர், அதுவும் கடும் பனிக்காலத்தில். 2,551 மைல் என்று கணக்குப் போட்டார்கள். கிலோமீட்டரில் 4,100 சொச்சம். வோல்காட்டுக்கும் சில்வர்டனுக்கும் நேர்கோட்டில் அளந்தால் 1,800 மைல்தான் வரும். அதாவது நாய் அம்பு விட்டது மாதிரி நேராக வரவில்லை. சராசரி நாளைக்குப் பதினாலு மைல் வருகிறது. ஒரு நாயால் முடியாத நடை இல்லை. ஆனால் ஒரு நாளா இரண்டு நாளா?

இந்த மாதிரிக் கதை கேட்டால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். அது அதே நாய்தானா? ஒரே ஜாதி நாய்கள் அச்சில் வார்த்தது மாதிரி இருக்கும். ஏங்கிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு அந்தச் சாயலில் எது வந்தாலும் நம்முடையதாகத் தெரியும். பாபி விஷயத்தில் அடையாளங்கள் கெட்டியாக இருந்தன. குதிரை உதைத்ததில் கண்ணுக்கு மேலே தழும்பு, டிராக்டர் ஏறியதில் இடுப்பில் தழும்பு, மண்ணைத் தோண்டித் தோண்டி உடைந்த முன்பற்கள். மூன்றும் ஒரே நாயில் பொருந்தி வருவது லேசு இல்லை. அதனால் நாய் அதுதான் என்று நான் நம்புகிறேன்.

வழி விஷயம் வேறு. ஆரகன் விலங்கு நலச் சங்கம் இதை விசாரிக்க முன்வந்தது. பேப்பர்களில் செய்தி பரவியதும், "இந்த நாய் எங்கள் வீட்டுக்கும் வந்தது" என்று வழியெங்கும் இருந்து கடிதங்கள் வந்தன. அந்தக் கடிதங்களை வைத்துத்தான் பயணத்தை ஒட்டுப் போட்டார்கள். சார்லஸ் அலெக்ஸாண்டர் என்ற எழுத்தாளர் 1926-ல் புத்தகமாகவே எழுதிவிட்டார். புகழ் வந்த பிறகு வரும் கடிதங்களில் சிலது ஆசையில் எழுதியதாகவும் இருக்கும், தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும்.

ஆனாலும் அந்தக் கடிதங்களில்தான் எனக்கு இந்த வரலாறே இருக்கிறது. பேப்பர்காரர்கள் "அதிசய நாய்" என்று எழுதினார்கள், கண் காணாத உள்ளுணர்வு என்று எழுதினார்கள். கடிதங்கள் சொல்வது சமையலறைகளை. அயோவா மாநிலத்தில் டெமாயின் நகரத்தில் ஒரு குடும்பம் நவம்பர் மாத நன்றித் திருநாள் சமயத்தில் வைத்திருந்து சாப்பாடு போட்டது. போர்ட்லாண்டில் அயர்லாந்துக்காரப் பெண்மணி ஒருவர் புண்ணான கால்களுக்கு மருந்து போட்டுப் பார்த்துக்கொண்டார். போர்ட்லாண்டிலிருந்து சில்வர்டன் சுமார் 70 கிலோமீட்டர்தான். ஒவ்வொரு வீட்டிலும் நடந்தது ஏறக்குறைய ஒன்றுதான்: வந்தது, சாப்பிட்டது, படுத்தது, கொஞ்சம் தேறியதும் மேற்கே போனது. காடும் மலையும் தனியாகக் கடந்த நாய் என்கிறோம். ராக்கி மலையில் அது தனிதான். மற்ற இடங்களில் யாரோ ஒருவர் பழைய ரொட்டியும் எலும்பும் வைத்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிய விஷயம், நல்ல நாயாக இருக்கிறதே, நாமே வைத்துக்கொள்வோம் என்று சங்கிலி போட்டுக் கட்டாமல் இருந்திருக்கிறார்கள். ஒரே ஒரு வீட்டில் கட்டிப் போட்டிருந்தாலும் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

சரி, எப்படித்தான் வழி தெரிகிறது?

இங்கே புனேயில் இருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் ஆஷாட மாதத்தில் ஊரைக் கடந்து பண்டரிபுரம் போகும் பல்லக்கு ஊர்வலத்தைச் சொல்ல வேண்டியதில்லை. நாலு பக்கத்திலிருந்தும் பஜனைக் கோஷ்டிகள் நடந்து போவார்கள். 2024-ல் கர்நாடகத்தின் பெலகாவி மாவட்டம் யமகர்ணி கிராமத்திலிருந்து போன ஒருவரோடு அவருடைய நாயும் கிளம்பிவிட்டது. பெயர் மஹாராஜ். பஜனை கேட்டுக்கொண்டே 250 கிலோமீட்டர் போல நடந்ததாம். பண்டரிபுரத்தில் விட்டலனைக் கும்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கூட்டத்தில் நாயைக் காணோம். வேறு கோஷ்டியோடு போய்விட்டது என்று யாரோ சொன்னார்கள். தேடிவிட்டு அவர் ஊர் திரும்பினார். அடுத்த நாள் வாசலில் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது! ஊரே கூடி மாலை போட்டு விருந்தும் வைத்தது. பாண்டுரங்கன் கைபிடித்துக் கூட்டி வந்தான் என்றார்கள்.

இருக்கலாம். எனக்குத் தோன்றுவது: மஹாராஜ் நடந்து போன நாய். போகும் வழியெல்லாம் முகர்ந்துகொண்டு போயிருக்கும். திரும்பும்போது அதே சாலையில் ஊர் திரும்பும் கோஷ்டிகளும் இருந்திருப்பார்கள், சோறும் கிடைத்திருக்கும். பாபி காரில் போன நாய். அதற்கு மோப்பத் தடமே கிடையாது. இரண்டும் ஒரே மாதிரிக் கதை போலத் தெரிந்தாலும் கணக்கு வேறு.

ப்ராக் நகரத்து விஞ்ஞானிகள் இதில் ஒரு துப்புக் கண்டுபிடித்தார்கள். பத்து ஜாதிகளைச் சேர்ந்த 27 வேட்டை நாய்களுக்கு ஜிபிஎஸ் பட்டை கட்டி, காட்டில் ஓட விட்டு, அறுநூறுக்கும் மேற்பட்ட ஓட்டங்களைப் பதிவு செய்தார்கள். 2020-ல் முடிவு வெளிவந்தது. பாதிக்கு மேல் வந்த வழியிலேயே மோப்பம் பிடித்துத் திரும்பின. மூன்றில் ஒரு பங்கு போல, போகாத புது வழியில் குறுக்கே வந்தன. அப்படிக் குறுக்கே வந்ததில் பெரும்பாலானவை திரும்பத் தொடங்கும் இடத்தில் ஒரு வேடிக்கை செய்தன. வீடு எந்தப் பக்கம் இருந்தாலும் சரி, முதலில் ஒரு இருபது மீட்டர் வடக்கு தெற்காக ஓடிப் பார்த்தன. அதன் பிறகுதான் திசை பிடித்தன. பூமியின் காந்தப்புலத்தை உணர்ந்து தலைக்குள் இருக்கும் வரைபடத்தைச் சரி செய்துகொள்கின்றன என்பது அவர்கள் யூகம். நாம் புது ஊரில் மெட்ரோவை விட்டு மேலே வந்ததும் போனைக் கையில் வைத்துக்கொண்டு நாலடி இப்படி, நாலடி அப்படி நடந்து பார்ப்போமே, அந்த மாதிரி. :-)

ஆனால் அந்த நாய்கள் போனது ஒரு கிலோமீட்டர் போலத்தான். அதை வைத்து ராக்கி மலையைத் தாண்டியதை விளக்கிவிட முடியாது. பாபி வந்து சேர்ந்தது என்பதால் நமக்குத் தெரியும். அதே வருஷம் அதே தேசத்தில் காரிலிருந்து குதித்து ஓடி, ஐம்பதாவது மைலில் செத்துப் போன நாய்களுக்குத் தழும்பு சரிபார்க்க யாரும் வரவில்லை. வந்தவை மட்டும் பேப்பரில் வருவதால் எல்லா நாயும் வந்துவிடும் என்று ஒரு நினைப்பு நமக்குள் உட்கார்ந்துவிட்டது. லாஸி நாவலும் (1940), "இன்க்ரெடிபிள் ஜர்னி" கதையும் (1961), அவற்றின் சினிமாக்களும் அந்த நினைப்புக்கு நன்றாக உரம் போட்டன.

இந்த நினைப்பின் உச்சம் ஷுகர் என்ற பூனை. 1951-ல் கலிஃபோர்னியாவிலிருந்து ஓக்லஹோமாவுக்குக் குடி பெயர்ந்த குடும்பம், காரைக் கண்டால் மிரளும் பூனையைப் பக்கத்து வீட்டில் விட்டுப் போனது. பதினாலு மாதம் கழித்து 1,500 மைல் தாண்டி, அது முன்னே பின்னே பார்த்திராத புது வீட்டுக்கு வந்து சேர்ந்ததாம். இடுப்பு எலும்பின் கோணலை வைத்து அடையாளம் சொன்னார்கள். அமானுஷ்ய ஆராய்ச்சிக்குப் பேர் போன ஜே.பி. ரைன், ஸாரா ஃபெதர் என்பவரோடு சேர்ந்து இப்படி 54 கதைகளைப் பொறுக்கி 1962-ல் கட்டுரை எழுதினார். பழைய வீட்டுக்குத் திரும்புவதற்காவது மோப்பம், சூரியன், காந்தம் என்று ஏதாவது சொல்லலாம். போகாத ஊருக்கு வழி எப்படித் தெரியும்? இதை நான் நம்பவில்லை. ஒரே நிறப் பூனை, ஏக்கம் பிடித்த குடும்பம், இது போதும்.

நம்மைப் போல மாற்றல் வாங்கி மாற்றல் வாங்கி ஊர் ஊராய்ப் போகிறவர்களுக்கு இது வெறும் கதை இல்லை. மே மாதம் வந்தால் அபார்ட்மெண்ட் வாசல்களில் இரண்டு மூன்று புது நாய்கள் திரியும், கழுத்தில் பட்டை அடையாளம் இருக்கும், செக்யூரிட்டி அண்ணாவைத் தவிர யாரையும் தெரியாது. லாரி கிளம்பிப் போயிருக்கும். ரயிலில் நாயைக் கொண்டு போவது கஷ்டம்தான். முதல் வகுப்பில் கூப்பே கிடைக்க வேண்டும், இல்லையென்றால் கார்டு வண்டிப் பெட்டியில் போட வேண்டும். "அதுக்கென்ன, எங்கே இருந்தாலும் பிழைச்சுக்கும்" என்று சொல்லிக்கொண்டு போய்விடுகிறார்கள். பிழைத்து, வழியும் கண்டுபிடித்து அது வந்தாலும், வந்து சேரும் வீடு பழைய வீடு. அங்கே வேறு யாரோ குடியிருப்பார்கள்.

பாபிக்கு நல்ல காலம், சில்வர்டனில் கடை அங்கேயே இருந்தது. பரிசுகள், பதக்கங்கள் குவிந்தன. சினிமாவிலும் நடித்தது. போர்ட்லாண்டில் நடந்த வீட்டுக் கண்காட்சியில் அதற்கென்று ஒரு குட்டி பங்களாவே கட்டிக் கொடுத்தார்கள், வரிசையில் நின்று தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். 1927-ல் இறந்தது. அப்போது ஆறு வயது போல இருக்கும். போர்ட்லாண்ட் மேயர் வந்து இரங்கலுரை ஆற்றினார். ஒரு வாரம் கழித்து அந்தக் காலத்து ஹாலிவுட் நட்சத்திர நாய் ரின் டின் டின் வந்து மலர்வளையம் வைத்தது. 1932-லிருந்து சில்வர்டன் குழந்தைகள் வருஷா வருஷம் செல்லப்பிராணி ஊர்வலம் நடத்துகிறார்கள்.

கல்லறை சில்வர்டனில் இல்லை. விலங்கு நலச் சங்கத்தின் இடத்தில், போர்ட்லாண்டில், அந்த 70 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது.